விழாக் கமிட்டியாருக்கு: மேடையில் நிற்பவர் யாரென்று ஊருக்குச் சொல்லுங்கள்

மதுரை, திண்டுக்கல், சிவகங்கை, புதுக்கோட்டை வட்டாரங்களில் கோயில் திருவிழாவுக்கு வள்ளி திருமணமும் அரிச்சந்திராவும் பவளக்கொடியும் நாடகமாக வைக்கின்ற ஊர்களின் விழாக் கமிட்டியாருக்கும் இளைஞர் மன்றத்தாருக்கும் வணக்கம்.

நான் ஸ்பெஷல் நாடகத்தில் ஸ்திரீபார்ட்டாக, அதாவது நாயகி வேடத்தில், நடித்த ஒரு பெண்ணின் மகள். இன்று அரசுப் பள்ளியில் ஆசிரியையாக இருக்கிறேன். என் தாயார் பன்னிரண்டு வயதில் மேடையேறி நாற்பத்தாறு ஆண்டுகள் உங்களைப் போன்ற கமிட்டியாரின் அழைப்பை நம்பி வாழ்ந்தவர். அந்த வாழ்க்கையை அருகிலிருந்து பார்த்தவள் என்ற உரிமையில் உங்களிடம் ஒன்று கேட்கிறேன். நாடக நோட்டீஸில் நடிகரின் படத்தையும் பட்டத்தையும் ஊர்ப் பெயரையும் அச்சிடுகிறீர்கள். அவற்றோடு, அவர் யாரிடம் பாடம் கேட்டார், எத்தனை ஆண்டுகளாக மேடையில் இருக்கிறார், எந்தெந்த வேடங்களைத் தாண்டி இந்த வேடத்துக்கு வந்தார் என்பதையும் இரண்டு வரியில் அச்சிடுங்கள். ஆர்மோனியம் தொடங்கும் முன் அதை மைக்கில் படியுங்கள்.

இது சின்னக் காரியமாகத் தோன்றலாம். ஆனால் ஸ்பெஷல் நாடகம் நடக்கும் விதத்தை அறிந்தவர்களுக்கு இதன் அவசியம் புரியும். இந்த நாடகத்துக்கென்று நிலையான கம்பெனி கிடையாது. நாயகனான ராஜபார்ட் ஓர் ஊரிலிருந்தும், ஸ்திரீபார்ட் வேறோர் ஊரிலிருந்தும், கோமாளியான பபூனும் ஆட்டக்காரியான டான்ஸும் நாரதரும் பக்கவாத்தியக்காரர்களும் அவரவர் ஊரிலிருந்தும் தனித்தனியாகப் பேசி வரவழைக்கப்படுகிறார்கள். ஒத்திகை என்ற பேச்சே இல்லை. அன்று மாலை வரை ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்திராத இருவர், இரவு பத்து மணிக்குத் தொடங்கும் நாடகத்தில், விடியும்வரை வேலனும் வள்ளியுமாக எதிரெதிரே நின்று பாடவும் தர்க்கம் செய்யவும் வேண்டும். ஒரே பாடத்தை இருவரும் முறையாகப் படித்திருந்தால் ஒழிய இது நடக்காது. ஆகவே ஒரு நடிகரின் வாத்தியார் யார் என்பதும் அவர் எத்தனை ஆண்டு உழைத்தார் என்பதும் வெறும் பெருமைச் செய்திகள் அல்ல. நீங்கள் இரவெல்லாம் கண் விழித்துப் பார்க்கும் நாடகம் நிற்பதே அவற்றின் மேல்தான்.

அந்தப் பாடத்தை வகுத்துக் கொடுத்த தவத்திரு சங்கரதாஸ் சுவாமிகளே முதலில் வேறு தொழிலில் இருந்தவர். தூத்துக்குடி அருகே காட்டுநாயக்கன்பட்டியில் 1867இல் பிறந்து, உப்புப் பண்டகசாலையில் கணக்கராக வேலை பார்த்து, 24ஆம் வயதில் நாடகத்துக்கு வந்தார். எமனாகவும் சனீசுவரனாகவும் இரணியனாகவும் நடித்துத் தேர்ந்த பிறகுதான் ஆசிரியரானார். 1918இல் மதுரையில் அவர் தொடங்கிய தத்துவ மீனலோசனி வித்துவ பாலசபாவில் பிள்ளைகளைச் சேர்த்துப் பாடம் சொன்னார். அங்கே ஆறு வயதில் சேர்ந்து பின்னாளில் பெரிய நாடகக் கலைஞரான தி. க. சண்முகத்தின் தந்தையும் பெண் வேடமிட்ட ஸ்திரீபார்ட் நடிகரே. கொடுமுடியில் வறுமையில் பிறந்து ரயிலில் பாடித் திரிந்த சிறுமியை, நாடகப் பற்றுக்கொண்ட ரயில்வே அதிகாரி எஃப். ஜி. நடேச ஐயர் மேடைக்கு அழைத்து வந்தார். அந்தச் சிறுமிதான் பின்னாளில் பாடக நடிகர் கிட்டப்பாவோடு இணைந்து நடித்து நாட்டையே கட்டிப்போட்ட கே. பி. சுந்தராம்பாள். இந்தப் பெரியவர்களின் பிறப்பும் வளர்ப்பும் புத்தகங்களில் இருக்கின்றன. அதே பாட்டை இன்று உங்கள் ஊர்ப் பந்தலில் பாடுபவர் எங்கிருந்து வந்தார் என்பதை மட்டும் எவரும் எழுதி வைப்பதில்லை.

என் தாயாரின் கதையைச் சொல்கிறேன். ஸ்பெஷல் நாடகத்தில் பலருடைய வாழ்க்கை ஏறக்குறைய இந்த வழியில்தான் போகிறது. அவருடைய தகப்பனார் ஆர்மோனியம் வாசித்துப் பின்பாட்டுப் பாடியவர். வீட்டில் அரிசி இல்லாத நாட்களிலும் ஆர்மோனியத்துக்குத் துணியுறை இருந்தது என்று அம்மா சொல்வார். பன்னிரண்டு வயதில் அரிச்சந்திரா நாடகத்தில் லோகிதாசனாக, பாம்பு தீண்டி இறக்கும் பாலகனாக, முதல் வேடம். பதினாறில் டான்ஸ். டான்ஸ் வேடத்தில் ஆறு வருடம். அந்த ஆறு வருடமும் பகலில் ஒரு வாத்தியாரின் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து வள்ளியின் பாட்டுகளையும் வசனங்களையும் வாய்ப்பாடமாகக் கேட்டிருக்கிறார். தட்சிணை கொடுக்கப் பணமில்லாததால் அந்த வீட்டுக்குத் தண்ணீர் எடுத்துக் கொடுத்தார். இருபத்திரண்டில் முதல் முறையாக வள்ளி. முப்பத்தைந்து வயதுக்குப் பிறகு வள்ளிக்கு அழைப்பு குறையவே லோகிதாசனின் தாயான சந்திரமதி வேடத்துக்குப் போனார். சுடுகாட்டில் பிள்ளையை மடியில் கிடத்திச் சந்திரமதி புலம்பும் இடத்தில் அவர் பாடும்போது, அந்தப் பிள்ளையாகக் கிடந்த காலத்தில் தாம் கேட்ட புலம்பலைத்தான் பாடுவதாக ஒருமுறை என்னிடம் சொன்னார். ஒரே நாடகத்தில் பிள்ளையாகவும் தாயாகவும் இருந்தவர் என்று எந்த ஊர் மேடையிலும் யாரும் அறிவித்ததில்லை.

டான்ஸ் வேடத்தைப் பற்றித் தனியே சொல்ல வேண்டும். பந்தலின் முன்வரிசையில் நின்று செல்போனில் அந்தப் பகுதியை மட்டும் படம்பிடித்து அனுப்பிவிட்டு, வள்ளி மேடைக்கு வருமுன் எழுந்து போகிற இளைஞர்களைப் பார்க்கிறேன். அந்தப் பெண் அடுத்த பத்தாண்டில் உங்கள் ஊருக்கே வள்ளியாக வரப்போகிறவர். இன்று அவர் ஆடுவது அவருடைய பாதையில் ஒரு படி. அதை அவர்களுக்கு எடுத்துச் சொல்லக்கூடிய இடத்தில் இருப்பவர்கள் நீங்கள்தான்.

தர்க்கத்தை நான் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டிருக்கிறேன். எனக்குப் பத்து வயதிருக்கும். மிருதங்கக்காரரின் பின்னால் பாயில் படுத்திருந்தேன். அன்று வேலனாக வந்தவர் வயதிலும் பேரிலும் பெரியவர். ‘மான் வயிற்றில் பிறந்தவளுக்கு மனிதக் குலத்தில் என்ன உரிமை?’ என்று பாடத்தில் இல்லாத கேள்வியைத் திடீரென்று போட்டார். பந்தல் அமைதியானது. அம்மா ஒரு மூச்சு எடுத்துவிட்டு, ‘ஆறு பெண்கள் பாலூட்டி வளர்த்த பிள்ளை ஒருவர் இருக்கிறாராமே, அவரைச் சுமந்து பெற்ற தாய் யாரென்று நீர் முதலில் சொல்லும், பிறகு என் தாயைப் பற்றிப் பேசலாம்’ என்றார். பெண்கள் பகுதியிலிருந்து எழுந்த கைதட்டலில் நான் முழுவதும் விழித்துக்கொண்டேன். அந்தப் பதில் அந்தக் கணத்தில் பிறந்தது. ஆனால் அதைப் பிறப்பித்தவை வாத்தியார் வீட்டுத் திண்ணையில் கழிந்த ஆறு வருடங்கள்.

அதே நாடகம் முடிந்த காலையில் தேங்காய் எண்ணெய் தொட்டு முகத்தில் பூசிய முத்துவெள்ளை ஒப்பனையைத் துடைத்துக்கொண்டிருந்த அம்மாவிடம், அந்த ஊர்க் கமிட்டியைச் சேர்ந்த ஒருவர் பேசிய தொகையில் குறைத்துக் கொடுத்துவிட்டு, ‘ஒரு ராத்திரி ஆடினதுக்கு இது போதாதா?’ என்று கேட்டார். அவர் கெட்டவர் என்று நான் நினைக்கவில்லை. அவருடைய கணக்கில் அது ஒரு ராத்திரி. பன்னிரண்டு வயதிலிருந்து தொடங்குகிற கணக்கை அவருக்கு யாரும் சொல்லியிருக்கவில்லை. உடை மாற்றக் கதவில்லாத அறையைக் கொடுப்பதும், விடிந்ததும் பஸ் நிறுத்தம் வரை நடக்க விடுவதும் இதே அறியாமையிலிருந்து வருகின்றன என்றே நான் கருதுகிறேன்.

மாசியிலிருந்து ஆடி வரைதான் நல்ல வேலை. மழைக்காலத்தில் ராஜபார்ட் கொத்தனாருக்குச் சித்தாளாகப் போவதும், பபூன் காய்கறி வண்டி தள்ளுவதும் எங்கள் தெருவில் நான் பார்த்து வளர்ந்தவை. 2020 மார்ச் கடைசியில், பங்குனித் திருவிழாக்கள் தொடங்கும் வேளையில், ஊரடங்கு வந்து அந்த ஆண்டின் தேதிகள் அத்தனையும் போயின. மறு ஆண்டு சித்திரையும் அப்படியே கழிந்தது. அந்த இடைவெளியில் மேடையை விட்டுப் போனவர்களில் சிலர் திரும்பவில்லை. அவர்களுக்குத் தெரிந்திருந்த பாட்டுகள் எங்கே போயின என்று இப்போது கேட்டால் பதில் சொல்ல ஆளில்லை.

நடிகரின் அறிமுகத்தை மேடையில் படியுங்கள் என்று நான் கற்பனையில் கேட்கவில்லை. சிவகங்கைப் பக்கத்துச் சிற்றூர் ஒன்றில், அம்மாவின் மேடை வாழ்வின் கடைசி வருடங்களில், ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஒருவர் கமிட்டியில் இருந்தார். அவர் மாலையிலேயே வந்து, சாப்பாட்டுப் பந்தியில் ஒவ்வொரு நடிகரிடமும் உட்கார்ந்து கேட்டு ஒரு தாளில் குறித்துக்கொண்டார். இரவு மைக்கில், ‘இன்று சந்திரமதியாக வருகிற அம்மையார் முதன்முதலில் இதே நாடகத்தில் லோகிதாசனாக நடித்தவர், நாற்பத்து நான்கு ஆண்டுகளாக மேடையில் இருக்கிறார்’ என்று படித்தார். பக்கத் திரைக்குப் பின்னால் சவுரியைப் பாதி முடிந்தபடி நின்ற அம்மா, ஆர்மோனியக்காரரிடம், ‘யாரைண்ணே சொல்றாக?’ என்று கேட்டார். அன்று சுடுகாட்டுக் காட்சி வரை ஒருவர்கூட பந்தலை விட்டு எழவில்லை. காலையில் வழியனுப்ப ஊர்ப் பெண்கள் இளநீரோடு வந்திருந்தார்கள்.

வருகிற திருவிழாவுக்குத் தேதி குறித்திருப்பவர்கள், நோட்டீஸை அச்சுக்குக் கொடுக்கும் முன் ஒவ்வொரு நடிகருக்கும் ஒரு போன் செய்யுங்கள். பபூனையும் டான்ஸையும் தாளம் போடுபவரையும் விட்டுவிடாதீர்கள். படம் சிறிதாக அச்சாகிறவர்களின் கதைதான் பெரும்பாலும் நீளமானது. சாதியையோ குடும்ப விவரத்தையோ கேட்க வேண்டாம். வாத்தியார் பெயர், முதல் வேடம், எத்தனை ஆண்டு: இவை போதும். சொல்ல விருப்பமில்லாதவரை வற்புறுத்தவும் வேண்டாம். நடிப்புத் தொழிலை அக்கம்பக்கத்துக்கு மறைத்து வாழ வேண்டிய நிலையில் இன்றும் சிலர் இருக்கிறார்கள். அச்சிட்ட நோட்டீஸில் ஒன்றை ஊர் நூலகத்திலோ பள்ளிக்கூடத்திலோ பத்திரப்படுத்துங்கள்.

நடிகர்கள் அநேகமாகத் தேதி நோட்டு ஒன்று வைத்திருப்பார்கள். எந்தத் தேதியில் எந்த ஊர், என்ன வேடம், எதிரே யார் என்று அதில் குறித்திருக்கும். என் தாயாருடையவை முப்பத்தொரு நோட்டுகள், தகரப் பெட்டியில் ஜிகினாச் சேலைக்கு அடியில் இருக்கின்றன. உங்கள் ஊர்ப் பெயரும் ஏதாவது ஒரு பக்கத்தில் இருக்கலாம். வந்து கேட்டால் அம்மாவே எடுத்துக் காட்டுவார்.

இப்படிக்கு,
ஒரு ஸ்திரீபார்ட் நடிகையின் மகள்