படம் பார்த்தவருக்கு ஒரு புத்தகத் தட்டு: மதுரை கலைஞர் நூற்றாண்டு நூலகத்துக்கு ஒரு திறந்த மடல்

மதுரை புதுநத்தம் சாலை கலைஞர் நூற்றாண்டு நூலகத்தில் நூல் தேர்வுக்கும் நூற்பட்டியலுக்கும் பொறுப்பானவர்களுக்கு,

வணக்கம். நாங்கள் கேட்பது மூன்றடி நீளமுள்ள ஒரே ஒரு தட்டு. அறிவியல் புனைகதைப் படங்களின் நாவல் வடிவங்களை அதில் ஒரே இடத்தில் அடுக்கி வைக்க வேண்டும். நாவலைப் படமாக்குவது நமக்குப் பழகிய வழி. இவை எதிர்த்திசையில் வருபவை. முதலில் திரைக்கதை எழுதப்படுகிறது, அதை வைத்து ஓர் எழுத்தாளர் நாவல் எழுதுகிறார். இந்த மடலில் இவற்றைப் படநாவல் என்று சொல்லிக்கொள்கிறோம். பழைய பாக்கெட் அளவுப் பதிப்புகள் முக்கால் அங்குலத் தடிமன் இருக்கும். நெருக்காமல் அடுக்கினால் அந்தத் தட்டில் நாற்பது நிற்கும். தொடங்குவதற்கு நாற்பது தாராளம்.

மேலூரிலிருந்தோ உசிலம்பட்டியிலிருந்தோ பேருந்தேறி வரும் கல்லூரி மாணவர் ஓர் ஆங்கில நாவலை எடுத்தால் இருபதாம் பக்கத்துக்குள் வைத்துவிடுவதற்குக் காரணம் ஆங்கிலம் மட்டும் அல்ல. அறிபுனை நாவலில் ஆள் பெயர் புதிது, ஊர் புதிது, கருவிகளின் பெயர் ஆசிரியர் இட்டுக்கட்டியது, மொழியும் அந்நியம். நான்கு சுமையை ஒரே தலையில் ஏற்றினால் யாருக்கும் கழுத்து நோகும். அதே மாணவர் டெர்மினேட்டரைத் தமிழ் டப்பிங்கில் நான்கு முறை பார்த்திருப்பார். யார் யாரைத் துரத்துகிறார்கள், எதற்காக, கடைசியில் என்ன ஆகும் என்பதெல்லாம் அவருக்கு மனப்பாடம். அந்தப் படத்தின் நாவலைக் கையில் கொடுத்தால் மூன்று சுமை ஏற்கெனவே இறங்கிவிட்டது, மிச்சம் மொழி மட்டும்தான். தெரியாத சொல் வந்தாலும் காட்சி கண்முன் ஓடுவதால் பொருள் பிடிபடும், அகராதியைத் தேடி ஓட வேண்டியதில்லை. முதல் ஆங்கில நாவலை முடிக்க இதைவிட நல்ல ஏணி எங்களுக்குத் தெரியவில்லை.

'சினிமாப் புத்தகம்' என்று இவற்றை ஒதுக்கும் பழக்கம் உலகெங்கும் உண்டு. தமிழ் வாசகருக்கு அந்தத் தயக்கம் தேவையில்லை. கதைச் சுருக்கத்தைப் பாதியில் நிறுத்தி 'மீதியை வெள்ளித்திரையில் காண்க' என்று முடித்த பாட்டுப் புத்தகத்தைத் திரையரங்கு வாசலில் வாங்கியவர்கள் நாம். வானொலியில் ஒலிச்சித்திரம் கேட்டே படத்தை மனக்கண்ணில் ஓட்டியவர்கள். சுஜாதாவின் 'விக்ரம்' படப்பிடிப்பு நடந்துகொண்டிருந்தபோதே குமுதத்தில் தொடராக வந்தது. படம் 1986இல் வெளியானது. கடத்தப்பட்ட ஏவுகணையும் கணினியும் வரும் அந்தக் கதையின் நூல் வடிவம்தான் இந்தத் தட்டின் முதல் புத்தகமாக இருக்க வேண்டும் என்பது எங்கள் விருப்பம். மேலவெளி வீதி விக்டோரியா எட்வர்டு மன்றத்தில் நூலகமும், ஆங்கிலப் படங்களுக்குப் பேர்போன ரீகல் தியேட்டரும் ஒரே கூரையின் கீழ் இருந்த ஊர் இது. படிப்பும் படமும் இங்கே அண்டை வீட்டார்.

படமும் நாவலும் ஏன் வேறுபடுகின்றன என்பது தெரிந்தால்தான் இவற்றின் அருமை புரியும். படம் வெளியாகும் நாளில் புத்தகமும் கடைக்கு வர வேண்டும். அச்சுக்கும் விநியோகத்துக்கும் மாதங்கள் போகும். ஆகவே படத்தொகுப்பு முடிவதற்கு வெகு முன்பே, சில வேளை படப்பிடிப்புக்கும் முன்பே, திரைக்கதையின் ஏதோ ஒரு வரைவை மட்டும் வைத்துக்கொண்டு எழுத்தாளர் சில வாரங்களில் நாவலை முடித்துத் தர வேண்டும். பிறகு படத்தில் வெட்டப்பட்ட காட்சிகள் நாவலில் அப்படியே தங்கிவிடுகின்றன.

ஸ்டார் வார்ஸ் நாவல் 1976 இறுதியிலேயே வந்துவிட்டது, படம் 1977 மே மாதம். அட்டையில் ஜார்ஜ் லூகாஸ் பெயர் இருந்தாலும் எழுதியவர் ஆலன் டீன் ஃபாஸ்டர். கடத்தல் தலைவன் ஜாப்பா வரும், படத்தில் வெட்டுப்பட்ட காட்சி நாவலில் உண்டு. திரையில் அது 1997 மறுவெளியீட்டில்தான் வந்தது. கடைசிப் போரில் நாயகன் லூக்கின் அழைப்புப் பெயர் நாவலில் நீலம் ஐந்து, படத்தில் சிவப்பு ஐந்து. 1979இல் ஏலியன் நாவலையும் ஃபாஸ்டரே எழுதினார். படத்தில் வரும் வேற்றுலக ஜந்து எப்படி இருக்கும் என்று அவருக்குக் காட்டவே இல்லை. அதனால் நாவலில் அதன் உருவம் தெளிவாக வராது. தெரியாததை வைத்தே பயமுறுத்த வேண்டிய கட்டாயம் அவருக்கு, அதில் வென்றும் இருக்கிறார். எழுதப் பழகும் பிள்ளைகள் படிக்க வேண்டிய பாடம் இது. வில்லியம் காட்ஸ்விங்கிள் 1982இல் எழுதிய இ.டி. நாவலில் பல பக்கங்கள் அந்த வேற்றுலக உயிரின் மனதுக்குள்ளிருந்தே போகும். மிட்டாய்கூட வேறு. நாவலில் எம் அண்ட் எம்ஸ், திரையில் ரீசஸ் பீசஸ். தன் மிட்டாயைப் படத்தில் காட்ட முதல் நிறுவனம் சம்மதிக்கவில்லை.

இவற்றுள் எங்களுக்கு மிகவும் பிடித்தது ஐசக் அசிமோவ் 1966இல் எழுதிய ஃபென்டாஸ்டிக் வாயேஜ். ஒரு நீர்மூழ்கிக் கப்பலையும் அதில் உள்ளவர்களையும் நுண்ணுயிர் அளவுக்குச் சுருக்கி, ஒரு விஞ்ஞானியின் ரத்தக்குழாய்க்குள் அனுப்புகிறார்கள். ஒரு மணி நேரத்தில் எல்லாம் பழைய அளவுக்குத் திரும்பிவிடும். படத்தில் வெள்ளையணு கப்பலை விழுங்கிவிடுகிறது, ஆட்கள் மட்டும் கண்ணீர் வழியே வெளியேறுகிறார்கள். அசிமோவ் இதை ஏற்கவில்லை. வெள்ளையணு கப்பலைச் செரித்தாலும் அதன் அணுக்கள் உடலுக்குள்தானே கிடக்கும்? நேரம் முடிந்ததும் அவை பெருத்து அந்த மனிதரைக் கிழித்துவிடாதா? ஆகவே நாவலில், கப்பலை விழுங்கிய வெள்ளையணுவைத் தங்கள் பின்னால் இழுத்துக்கொண்டே வெளியேறுகிறார்கள். பள்ளியில் நிறை அழியாமை படித்த எந்த மாணவரும் இந்த ஓட்டையைத் தானே பிடிக்கலாம். படத்தையும் நாவலையும் ஒப்பிட்டு வகுப்பில் பேச இதைவிட நல்ல எடுத்துக்காட்டு கிடைக்காது. அசிமோவ் வேகமாக எழுதிவிட்டார், படம் தாமதமானது. நாவல் முந்திக்கொண்டதால் படம்தான் நாவலிலிருந்து வந்தது என்று பலர் இன்றும் நினைக்கிறார்கள்.

தி அபிஸ் (1989) நேர்மாறான கதை. பாத்திரங்களின் முற்கதையை ஆர்சன் ஸ்காட் கார்டு நாவலின் முதல் அத்தியாயங்களாக எழுதினார். இயக்குநர் ஜேம்ஸ் கேமரூன் அவற்றைத் தம் நடிகர்களுக்குப் படிக்கக் கொடுத்தார். அங்கே நாவல் நடிப்புக்கு உதவியது.

இனி வாங்குவதில் உள்ள சிக்கல். படத்தின் சுவரொட்டியை அட்டையில் போட்ட எல்லாப் புத்தகமும் படநாவல் ஆகாது. அட்டையை நம்பாமல் தலைப்புப் பக்கத்தையும் அதன் பின்பக்கத்தையும் பார்க்க வேண்டும். தலைப்புப் பக்கத்தில் நாவலாசிரியர் பெயரோடு திரைக்கதையாசிரியர் பெயரும் தனியாக இருந்தால் அது படநாவல். பதிப்புரிமை திரைப்பட நிறுவனத்தின் பெயரில் இருந்தால் சந்தேகம் இன்னும் தீரும். பதிப்புரிமை ஆண்டு படத்துக்குப் பல ஆண்டு முந்தியது என்றால் அது மூலநாவல், புது அட்டை போட்டிருக்கிறார்கள்.

இதில் ஆளை அதிகம் ஏமாற்றுவது பிளேடு ரன்னர். அது 1982இல் வந்தபோது படநாவல் எழுதித் தரும்படி மூலநாவலை எழுதிய ஃபிலிப் கே. டிக்கிடம் கேட்டார்கள். அவர் மறுத்து, தம் 1968 நாவலையே மீண்டும் அச்சிட வைத்தார். ஆகவே படத்தின் பெயரும் அட்டையும் தாங்கிய அந்தப் புத்தகம் மூலநாவல்தான், படத்திலிருந்து வெகுவாக விலகும். வில்லியம் பரோஸ் 1979இல் எழுதிய நூலிலும் பிளேடு ரன்னர் என்ற பெயர் உண்டு, அந்தக் கதைக்கும் இந்தப் படத்துக்கும் ஒட்டும் இல்லை உறவும் இல்லை. டோட்டல் ரீகால் அடுத்த குழப்பம். டிக்கின் சிறுகதையிலிருந்து திரைக்கதை, அந்தத் திரைக்கதையிலிருந்து பியர்ஸ் ஆன்டனியின் நாவல். இன்டர்ஸ்டெல்லார் கேட்டால் கிப் தார்ன் எழுதிய அறிவியல் விளக்க நூல் வந்து சேரலாம். அதுவும் 2014, கிரெக் கீஸ் எழுதிய படநாவலும் 2014. இரண்டும் வேண்டியவை, ஆனால் ஒன்றுக்கு மற்றொன்று மாற்றல்ல. ஜுராசிக் பார்க்கில் மைக்கேல் கிரைட்டனின் 1990 மூலநாவலும் உண்டு, 1993 படத்தை ஒட்டிச் சிறுவர்களுக்கு எழுதிய மெல்லிய நூலும் உண்டு. பெரியவருக்கு மெல்லியது வந்தால் ஏமாற்றம், எட்டு வயதுக் குழந்தைக்குக் கிரைட்டன் போனால் பயம்.

நூற்பட்டியலில் ஒரே ஒரு குறிப்பு வரி கூடுதலாகச் சேர்த்தால் போதும்: 'இன்ன ஆண்டு வெளிவந்த இன்ன படத்தின் திரைக்கதையைத் தழுவியது'. படத்தின் பெயரைத் தமிழ் எழுத்திலும் இட வேண்டும், ஏனென்றால் தேடுபவர் படத்தின் பெயரைத்தான் தட்டுவார், ஆசிரியர் பெயர் அவருக்குத் தெரியாது. நூல்களை வகை பிரிக்க நூலகங்கள் இடும் டியூயி எண்ணை மட்டும் நம்பி அடுக்கினால் என்ன ஆகும் என்பதற்கு டெர்மினேட்டரே சாட்சி. அதற்கு இரண்டு நாவல் வடிவங்கள் உண்டு. ராண்டல் ஃப்ரேக்ஸ், வில்லியம் விஷர் எழுதியது அமெரிக்க நாவலாக 813க்குப் போகும். ஷான் ஹட்சன் எழுதியது ஆங்கிலேயரின் நாவலாக 823க்குப் போகும். ஒரு படத்தின் இரண்டு பிள்ளைகளும் ஒருவரையொருவர் பார்க்காமலே இருப்பார்கள். அதனால்தான் தனித் தட்டு கேட்கிறோம்.

2001: எ ஸ்பேஸ் ஒடிசிக்கு ஒரு சிறப்புக் குறிப்பு தேவை. ஆர்தர் சி. கிளார்க்கும் ஸ்டான்லி குப்ரிக்கும் நாவலையும் திரைக்கதையையும் ஒரே காலத்தில் உருவாக்கினார்கள். படம் 1968 ஏப்ரலில் வந்தது, நாவல் சில மாதம் கழித்து. சனியின் வளையங்களைத் திரையில் நம்பும்படி காட்ட முடியாததால் படம் வியாழனோடு நின்றுவிட்டது, நாவல் சனி வரை போகும். கிளார்க் 1982இல் எழுதிய அடுத்த நாவலோ படத்தைப் பின்பற்றி வியாழனுக்குத் திரும்பிவிட்டது. இரண்டையும் வரிசையாகப் படிப்பவர் அச்சுப் பிழை என்று நினைப்பார். முதல் பக்கத்தில் ஒரு சிறு சீட்டு ஒட்டினால் தீரும்.

இவற்றில் பெரும்பாலானவை மறுபதிப்பு இல்லாதவை, பழைய புத்தகமாகத்தான் கிடைக்கும். அட்டை கிழிந்துபோன பிரதியை எந்த விலைக்கும் வாங்க வேண்டாம். அமெரிக்காவில் விற்காத பாக்கெட் பதிப்புகளின் அட்டையை மட்டும் கிழித்துப் பதிப்பகத்துக்கு அனுப்பிப் பணத்தைத் திரும்பப் பெறுவார்கள், மீதியை அழித்துவிட வேண்டும். அழிக்காமல் விற்ற பிரதியாக அது இருக்கலாம் என்று அந்தப் புத்தகங்களிலேயே அச்சிட்டிருக்கும். தாள் மரக்கூழில் செய்த மலிவுத் தாள். அதிலுள்ள அமிலமே அதைப் பழுப்பாக்கி நொறுக்கிவிடும், மதுரை வெயில் அந்த வேலையை விரைவாக்கும். சன்னலோரத் தட்டு வேண்டாம். முதுகு வெறும் பசையால் ஒட்டியது. நகல் எடுக்க விரித்து அழுத்தினால் பக்கம் பக்கமாகக் கழன்று வரும். கழன்ற தாளை செல்லோடேப்பால் ஒட்டக் கூடாது. சில ஆண்டில் அதன் பசை பழுத்துத் தாளுக்குள் இறங்கிவிடும், பிறகு எளிதில் எடுக்க முடியாது. அமிலமில்லாத வெள்ளைப் பசையைத் தாளின் உள்ளோரத்தில் மெல்லிய தூரிகையால் நூலிழை அகலத்துக்குத் தடவி, மெழுகுத்தாள் இடையில் வைத்து, ஓரிரவு பளுவின் கீழ் விட்டால் போதும்.

நன்கொடையாக வரும் பழைய பிரதிகளை நேரே தட்டில் ஏற்றாதீர்கள். ராமபாணப் பூச்சி ஒன்றில் இருந்தால் தட்டு முழுதும் பரவும். பாலித்தீன் பையில் காற்றை அழுத்தி வெளியேற்றி மூடி, டீப் ஃப்ரீசரில் மைனஸ் 18 டிகிரியில் இரண்டு வாரம் வைக்கலாம். வெளியே எடுத்ததும் பையைத் திறக்காமல் ஒரு முழுநாள் விட வேண்டும், அவசரப்பட்டுத் திறந்தால் குளிர்ந்த தாளில் நீர் படிந்து பூஞ்சை பிடிக்கும்.

வாசிப்பு வரிசையிலும் கவனம் வேண்டும். முதல் முறை வாசகருக்குக் கிரெக் கீஸ், ஃபாஸ்டர் போன்றோரின் நேரான நடை பொருந்தும். ஸ்டார் வார்ஸ் வரிசையில் மேத்யூ ஸ்டோவர் 2005இல் எழுதிய ரிவெஞ்ச் ஆஃப் தி சித் இந்த வகையின் மிகச் சிறந்த எழுத்துகளில் ஒன்று, ஆனால் அடர்த்தியான நடை. ஐந்தாறு நாவல் முடித்தவருக்குத்தான் அதைக் கொடுக்க வேண்டும். மாதம் ஒரு கூடுகை வைத்தால் அங்கே படத்தைத் திரையிட வேண்டாம், பொதுத் திரையிடலுக்கு உரிமம் தேவை. படத்தை அவரவர் வீட்டில் பார்த்துவிட்டு வரட்டும். நாவலில் உள்ள, ஆனால் படத்தில் இல்லாத ஒரே ஒரு காட்சியை எடுத்துக்கொண்டு, அதை ஏன் வெட்டியிருப்பார்கள் என்று ஒரு மணி நேரம் பேசினாலே நிறைவான கூடுகை.

தமிழில் மொழிபெயர்த்துத் தாருங்கள் என்று நாங்கள் கேட்கவில்லை. உரிமை பெரும்பாலும் திரைப்பட நிறுவனங்களிடம் இருக்கிறது, அது நூலகத்தின் கைக்குள் இல்லாத வேலை. அதற்குப் பதிலாக ஒவ்வொரு நூலுக்கும் ஒரு தாளில் இருபக்கச் சொல்லடைவு வைக்கலாம். ஏர்லாக் என்றால் காற்றடைப்பு அறை, வார்ம்ஹோல் என்றால் புழுத்துளை, ஈவன்ட் ஹொரைசன் என்றால் நிகழ்வெல்லை என்று ஐம்பது அறுபது சொல், அவை முதலில் வரும் பக்க எண்ணோடு. பதிப்புக்குப் பதிப்பு பக்க எண் மாறும், ஆகவே அத்தியாய எண்ணையும் சேர்க்க வேண்டும். இந்த மடலில் பெயர் சொன்ன நூல்களுக்கான சொல்லடைவை நாங்களே எழுதித் தட்டச்சு செய்து தருகிறோம். நூல்கள் எந்தப் பதிப்பில் வந்து சேர்ந்தன என்று சொன்னால் போதும், அடுத்த நாளே வேலையைத் தொடங்கிவிடுவோம்.

இப்படிக்கு,
மதுரை, மேலூர், திருமங்கலம் பகுதி அறிபுனை வாசகர்கள்