உன் அட்டவணையில் பூஜ்யம் எங்கே?

மன்னார்குடி
தை மாதம்

அன்புள்ள தமிழு,

இங்கே எல்லாரும் நலம். சம்பா அறுப்பு மும்முரமாக நடக்கிறது. ஈரப்பதம் 17 சதவீதத்தைத் தாண்டினால் கொள்முதல் நிலையத்தில் நெல்லை எடுக்க மாட்டார்கள் என்பதால் ஊரே வானத்தைப் பார்த்துக்கொண்டு இருக்கிறது. அப்பாவுக்குச் சர்க்கரை கட்டுக்குள். கோமதி அக்கா மாறவில்லை, மாறவும் மாட்டாள். நலவிசாரணை இதோடு போதும்.

அந்தப் பாலைவனப் படுகையில் இன்னும் கண்டுபிடிக்காத எண்ணெய் எவ்வளவு இருக்கும் என்று நீ போட்ட அட்டவணை வந்தது. எண்ணெய் தேங்கியிருக்கக்கூடிய 20 பாறைக் கட்டமைப்புகள், ஒவ்வொன்றுக்கும் பரப்பு, தடிமன், போரோசிட்டி என்கிற துளை இடைவெளி, எண்ணெய் கிடைக்கும் வாய்ப்பு, கடைசி வரியில் கொழுத்த ஒரு கூட்டுத்தொகை. உன் ரெக்கார்டு நோட்டு மாதிரியே ஒரு அடித்தல் திருத்தல் கிடையாது. ஆனால் இதை இப்படியே மேலே அனுப்பிவிடாதேடீ. அனுப்பிவிட்டாய் என்றால் இன்றைக்கே திரும்ப வாங்கு. வாய்ப்புப் பத்தியைப் பார்த்ததிலிருந்து எனக்கு வேறு வேலை ஓடவில்லை.

முதலில் சரியாக இருப்பதைச் சொல்லிவிடுகிறேன். ஒற்றைக் கட்டமைப்புக்கான கணக்கில் குறை இல்லை. உன் நாலாம் எண்ணையே எடுத்துப் போட்டுப் பார்த்தேன். 10 சதுர கிலோமீட்டர் பரப்பு, 20 மீட்டர் நிகரத் தடிமன், அதாவது 20 கோடி கன மீட்டர் பாறை. போரோசிட்டி 18 சதவீதம், அந்த இடைவெளியில் எண்ணெய் 70 சதவீதம், மேலே வரும்போது சுருங்குவதற்கு 1.2ஆல் வகுத்தால் 2.1 கோடி கன மீட்டர். கன மீட்டருக்கு 6.29 பீப்பாய் என்று வைத்தால் சுமார் 13.2 கோடி பீப்பாய் பாறையில் இருக்கும். அதில் 30 சதவீதம் எடுக்க முடியும் என்றால் ஏறக்குறைய 4 கோடி. வாய்ப்பு 15 சதவீதம் என்று போட்டு 60 லட்சம் என்று எழுதியிருக்கிறாய். இது வரைக்கும் யாரும் உன்னைக் கேள்வி கேட்க முடியாது.

தப்பு ஆரம்பிப்பது கூட்டும் இடத்தில். 20 கட்டமைப்புகளையும் ஒன்றுக்கொன்று சம்பந்தமே இல்லாதவை என்று வைத்து மான்டி கார்லோ, அதாவது ஆயிரக்கணக்கான தடவை குலுக்கிப்போட்டுக் கூட்டும் கணக்கை, ஓட்டியிருக்கிறாய். ஒவ்வொன்றும் வறண்டு போக 85 சதவீதம். அதை 20 தடவை பெருக்கினால் 4 சதவீதம்கூட வரவில்லை. அதாவது, இந்தப் படுகையில் ஒரு சொட்டும் கிடைக்காமல் போக நூற்றில் நாலு வாய்ப்புதான் என்று உன் அட்டவணை சொல்கிறது. இன்னும் ஒரு பீப்பாய்கூடக் கண்டுபிடிக்காத பாலைவனப் படுகையில்! அந்தத் தைரியம் எனக்கு வராது. உனக்கும் நிஜத்தில் வராது, கணக்குதான் உன் வாயில் அதைப் போட்டுவிட்டது.

அதே 15 சதவீதத்தை உடைத்துப் பார். எண்ணெயைக் கொடுக்கும் மூலப்பாறை இருந்து, பூமிச் சூட்டில் வெந்து, எண்ணெய் நகர்ந்து வந்திருக்க 30 சதவீதம். இது 20 கட்டமைப்புக்கும் பொது. அது நடந்திருந்தால், ஒரு குறிப்பிட்ட கட்டமைப்பில் எண்ணெயைத் தாங்கும் தேக்கப்பாறையும், அதைப் பிடித்துவைக்கும் பொறியும், மேலே கசியவிடாத மூடுபாறையும் ஒத்துவர 50 சதவீதம். பெருக்கினால் அதே 15தான். சராசரியும் ஒரு பீப்பாய் மாறாது. ஆனால் மொத்தப் படுகையும் வறண்டு போகும் வாய்ப்பு 4 சதவீதத்திலிருந்து 70 சதவீதத்துக்குத் தாவிவிடுகிறது. எஃப்95, அதாவது இதற்குக் குறையாது என்று 95 சதவீத வாய்ப்போடு சொல்லும் அளவு, பூஜ்யம். நடுவில் நிற்கும் எஃப்50யும் பூஜ்யம். நூற்றில் ஐந்து வாய்ப்பே உள்ள எஃப்5 மட்டும் நீ போட்டதைவிடப் பெரிதாக நிற்கும். இந்த மாதிரிப் படுகைக்கு நேர்மையான உருவம் அதுதான், ஒன்று மொத்தமும் உண்டு, இல்லை மொத்தமும் இல்லை. நீ தடித்த எழுத்தில் போட்டிருக்கும் சராசரி இரண்டுக்கும் நடுவே நிற்கிறது. அதன் பக்கத்தில் பூஜ்யத்துக்கான 70 சதவீதத்தையும் அதே தடித்த எழுத்தில் போடு.

இந்தப் பழக்கம் உனக்கு எங்கிருந்து வந்தது என்று எனக்குத் தெரியும். நம் காவிரிப் படுகையிலிருந்துதான். நரிமணம், கோவில்களப்பால், குத்தாலம், அடியக்கமங்கலம் என்று நீ கை பழகிய இடமெல்லாம் ஏற்கெனவே எண்ணெயோ எரிவாயுவோ வந்த இடம். காரைக்காலில் 1960களில் தோண்ட ஆரம்பித்த காலத்திலிருந்து எத்தனை கிணறு! இங்கே மூலப்பாறையான சாத்தப்பாடி ஷேல் (களிமண் இறுகிய பாறை) வெந்திருக்கிறது, எண்ணெய் கொடுத்திருக்கிறது என்பதில் இங்கே யாருக்கும் சந்தேகம் இல்லை. அந்த 30 சதவீதம் இங்கே எப்போதோ 100 ஆகிவிட்டது. மிச்சம் இருப்பதெல்லாம் இந்தப் பிளவுக்குப் பக்கத்தில் மணல் இருக்கிறதா, மூடுகிறதா என்கிற உள்ளூர்க் கேள்விகள். கும்பகோணம்–மடனம் மேட்டுக்கு அந்தப் பக்கம் ஒரு கிணறு வறண்டால் நாகப்பட்டினம் பள்ளத்துக்கு அதனால் பெரிய நஷ்டம் இல்லை. அதனால் இங்கே தனித்தனியாகப் பெருக்குவது ஓரளவு நியாயம். அதை அப்படியே மணலுக்குள் தூக்கிக்கொண்டு போனாயே, அங்கேதான் எனக்குக் கோபம்.

கிணறு தோண்டத் தோண்ட இந்தப் பொதுக் காரணி என்ன பாடுபடுகிறது என்று பார், அதுதான் இதில் ரசமான இடம். முதல் கிணறு வறண்டால் 30 சதவீதம் 18க்கு வந்துவிடும். இரண்டாவதும் வறண்டால் 10. மூன்றாவதற்கு 5. மாறாக முதல் கிணற்றிலேயே எண்ணெய் வந்தால் மீதி 19க்கும் 15ஆக இருந்தது ஒரே நாளில் 50. ராஜஸ்தானில் பார்மர் படுகையில் 2004 ஜனவரியில் மங்களா கிடைத்த பிறகு பாக்யம், ஐஸ்வர்யா என்று வரிசையாக வந்ததே, அந்த மாதிரி. உன் அட்டவணைப்படியோ முதல் கிணறு என்ன சொன்னாலும் மற்ற 19க்கும் காது கேட்காது.

இதில் ஒரு எச்சரிக்கை. வறண்ட கிணறு எல்லாம் சாட்சி சொல்லத் தகுதி உள்ளது அல்ல. கட்டமைப்பே இல்லாத இடத்தில் தோண்டிய கிணறு மூலப்பாறையைப் பற்றி ஒன்றும் சொல்லாது. உன் படுகையில் பழைய கிணறு மூன்று என்று எழுதியிருக்கிறாய், மூன்றும் ‘வறண்டது’ என்று ஒரே சொல். எதனால் வறண்டது? மூடிய உச்சியில் தோண்டினார்களா, சரிவிலா? துகள்களில் எண்ணெய்த் தடயம் இருந்ததா? தேக்கப்பாறையில் உப்புநீரா, நல்ல தண்ணீரா? சகாரா பக்கத்து மணற்கற்களில் ஆழம் வரை நல்ல தண்ணீர் ஓடிக் கழுவியிருக்கும். கழுவப்பட்ட பொறி வேறு, எண்ணெயே வராத பொறி வேறு. இந்தக் காரணப் பத்தி இல்லாமல் 30ஐ ஏற்றவும் முடியாது, இறக்கவும் முடியாது.

அந்த 30 எங்கிருந்து வந்தது என்பதே அடுத்த சண்டை. ‘மூர்சுக் படுகையை ஒப்புமையாகக் கொண்டு’ என்று ஒரு வரி எழுதி முடித்துவிட்டாய். தென்மேற்கு லிபியாவின் மூர்சுக் நல்ல ஒப்புமைதான். அங்கே 1997இல்கூட எலிஃபன்ட் மாதிரி பெரிய வயல் கிடைத்தது. ஆனால் தென்கிழக்கில் குஃப்ரா இருக்கிறதே, அதே லிபியா, அதே வயதுப் பாறை, தோண்டிய சில கிணறுகளில் உருப்படியாக ஒன்றும் இல்லை. வித்தியாசம் அங்கே மூலப்பாறையான சைலூரியன் கால ஷேலின் அடிப்பகுதியில்தான். அதற்கு முந்தைய ஆர்டோவிசியன் காலத்தின் கடைசியில் பனிப்பாறை உருகிக் கடல் ஏறியபோது, பனி அரித்துவிட்ட பள்ளங்களில் மட்டும் அந்தக் கறுப்பு ஷேல் கொழுப்பாகப் படிந்தது. மேடுகளில் கிடையாது. கிணற்றுப் பாறையின் கதிரியக்கத்தை அளக்கும் காமா லாகில் 200 ஏபிஐ அலகுக்கு மேலே எகிறும் அந்தச் சில மீட்டர் உன் மூன்று கிணற்றில் இருக்கிறதா? லாகை எடுத்துப் பார், ஒரு மத்தியானம் போதும். ஒப்புமை என்று வெற்றி பெற்றதை மட்டும் பக்கத்தில் உட்காரவைத்தால் 30 என்ன, 80கூடப் போடலாம். குஃப்ராவையும் உட்காரவை.

வெளிப்பாறை மாதிரிகளில் டிஓசி, அதாவது மொத்தக் கரிமக் கரி, 0.4 சதவீதம்தான் என்று கவலைப்பட்டிருக்கிறாய். அதை நம்பாதே. பாலைவனத்தில் வெளியே தெரியும் ஷேல் பல மீட்டர் ஆழத்துக்கு ஆக்சிஜன் பட்டு வெளுத்துப்போயிருக்கும், கரிமம் அதோடு போயிருக்கும். ஆழமற்ற ஒரு கோர் துளை போட்டுப் புது மாதிரி எடுக்கச் சொல். அப்புறம், ஷேல் எவ்வளவு வெந்தது என்று அறிய வைட்ரினைட் துகளின் ஒளிப் பிரதிபலிப்பு எண்ணைக் கேட்டிருக்கிறாயே, எங்கேயடி கிடைக்கும்? வைட்ரினைட் மரம் செடியின் கட்டையிலிருந்து வருவது. சைலூரியனில் ஏது கட்டை? கிராப்டோலைட் என்கிற பழைய கடலுயிர்ப் புதைபடிவத்தின் பிரதிபலிப்பு கேள், கூடவே மாதிரியைச் சூடாக்கிப் பார்க்கும் ராக்-எவால் சோதனையின் டிமேக்ஸ் வெப்பநிலை. 435 டிகிரிக்குக் கீழே இருந்தால் இன்னும் வேகவில்லை.

அளவையும் ஒரு தடவை போட்டுப் பார். ஒரு சதுர கிலோமீட்டர், 20 மீட்டர் தடிமன், அடர்த்தி 2.4, ஆக 4.8 கோடி டன் ஷேல். டிஓசி 5 சதவீதம் என்றால் 24 லட்சம் டன் கரிமம். ஒரு கிராம் கரிமத்துக்கு 300 மில்லிகிராம் எண்ணெய் வந்திருந்தால் 7.2 லட்சம் டன். அதில் பொறியில் தங்குவது சிறு பங்குதான், பெரும்பாலும் நூற்றுக்குப் பத்தைத் தாண்டாது. உன் கூட்டுத்தொகைக்கு ஷேல் வெந்த பரப்பு எத்தனை சதுர கிலோமீட்டர் வேண்டும் என்று திருப்பிக் கணக்குப் போடு. பள்ளத்தின் பரப்பைவிட அதிகம் கேட்டால் எங்கோ தப்பு.

காலமும் முக்கியம். அந்த ஷேல் கார்பானிஃபெரஸ் காலத்திலேயே வெந்து எண்ணெயைக் கொடுத்துவிட்டு, பிறகு ஹெர்சினியன் என்கிற நில எழுச்சியில் மேலே வந்து மூடுபாறை அரிபட்டிருந்தால் எல்லாம் காற்றோடு போயிற்று. அல்ஜீரியாவில் 1956இல் கிடைத்த ஹாசி மெசவுத் எண்ணெய் வயல் பிழைத்ததற்குக் காரணம், அரிப்புக்குப் பிறகு டிரையாசிக் கால உப்பு மேலே வந்து மூடியதும், ஷேல் மறுபடி ஆழப் புதைந்து எண்ணெய் கொடுத்ததும். உன் படுகையில் அந்த உப்பு உண்டா? உன் அறிக்கையில் மூடுபாறைக்கு ஒரே ஒரு வரி.

இன்னொன்று, நாலாம் எண்ணின் உயரம் 40 மீட்டர் என்கிறாய். நிலத்துக்குள் ஒலி அனுப்பி எதிரொலி நேரத்தை வைத்து அளப்பதில் அது மணல்மேடு காட்டும் பொய் உருவமாக இருக்கலாம். நம் ஊரில் சில மீட்டரிலேயே தண்ணீர், அதற்குக் கீழே ஒலி விநாடிக்கு 1500 மீட்டருக்கு மேலே ஓடும். மேல்மண்ணில் ஒலி தாமதமாவதைக் கழிக்கும் மேல்தரைத் திருத்தம் பெரிய தலைவலி இல்லை, அறுப்பு முடிந்த வயலில் துளை போட்டு வெடித்தால் போதும். அங்கே 100 மீட்டர் உயர மணல்மேடு, உள்ளே ஒலியின் சராசரி வேகம் விநாடிக்கு 600 மீட்டர் என்று வை. நீ 660 என்று எடுத்துத் திருத்தியிருந்தால், போய்வரும் நேரத்தில் 30 மில்லிவிநாடி மிச்சம் நிற்கும். கீழே 3000 மீட்டர் வேகத்தில் அது 45 மீட்டர்! மேட்டுக்கு அடியில் பொய்ப் பள்ளம், மேடுகளுக்கு இடைப்பட்ட வெளியில் பொய்க் குன்று. மணல்மேடுகளின் வரைபடத்தை உன் நேர வரைபடத்தின் மேல் வைத்துப் பார். உன் 20இல் எத்தனை அந்த வெளிகளின் போக்கிலேயே நீளமாகக் கிடக்கிறது என்று எண்ணு. மணலைத் தாண்டி அடிப்பாறை வரை அப்ஹோல், அதாவது மணலில் ஒலி வேகத்தை அளக்கும் துளை, போட்ட இடங்கள் எத்தனை? தரையை அதிரவைத்து ஒலி அனுப்பும் வைப்ரேட்டர் லாரி போன பாதைக்குப் பக்கத்தில் மட்டும் இருந்தால் பற்றாது.

சின்ன விஷயங்கள் இரண்டு. படுகையை நீ பிரித்த மூன்று மதிப்பீட்டு அலகுகளின் எஃப்95களைக் கூட்டி மொத்த எஃப்95 என்று போட்டிருக்கிறாய். சராசரிகளைக் கூட்டலாம், எஃப்95களைக் கூட்டக் கூடாது, மூன்றும் ஒரே தாளத்தில் ஆடினால் ஒழிய. குறைந்தபட்ச வயல் அளவு 10 லட்சம் பீப்பாய் வேண்டாம், 50 லட்சமாக்கு. குழாய்வழி கண்ணுக்கெட்டாத இடத்தில் அந்தக் குட்டிகள் எண்ணிக்கையைத்தான் பெருக்கும்.

கொஞ்சம் கடுமையாகவே எழுதிவிட்டேன். எனக்கு இதில் இவ்வளவு பதைப்பு ஏன் என்று உனக்குப் புரியும், நீயும் இந்த ஊர்ப் பெண்தானே. 2017இல் ஹைட்ரோகார்பன் திட்டத்தை எதிர்த்து நெடுவாசல் கொதித்த நாளிலிருந்து, 2020இல் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலச் சட்டம் வந்த பிறகும், ‘நம்ம மண்ணுக்குக் கீழே எவ்வளவு இருக்கு?’ என்று கேட்காத ஆள் இல்லை. அதே 2017இல் நாடு முழுவதற்கும் எண்ணெயும் அதற்குச் சமமான எரிவாயுவும் சேர்த்து 4,187 கோடி டன் என்று மறுமதிப்பீடு வந்தது. அது ஏற்கெனவே கண்டுபிடித்ததையும் சேர்த்தது, பாறையில் இருப்பது, எடுக்கக்கூடியது அல்ல. டீக்கடைக்கு வரும்போது அந்த அடைமொழி எல்லாம் உதிர்ந்து எண் மட்டும்தான் வருகிறது. அந்த எண்ணை நம்பி ஒருவர் நிலத்தை விற்கிறார், இன்னொருவர் பயத்தில் விற்கிறார். உன் மணலில் நெல் விளையாது, சரி. ஆனால் அங்கேயும் ஒட்டகம் மேய்க்கிறவர்களும் கிணற்றுத் தண்ணீரை நம்பி இருக்கிறவர்களும் இருக்கிறார்கள், உன் சராசரியைப் பார்த்து ஒரு அரசாங்கம் கடன் வாங்கும். எண்ணோடு பூஜ்யத்தையும் சேர்த்துக் கொடுக்க வேண்டியது நீதான், வேறு யாரும் கொடுக்க மாட்டார்கள்.

பொதுக் காரணியைத் தனியாக வைத்து மறுபடி ஓட்டி அனுப்பு. மணல்மேட்டு வரைபடமும் மூன்று கிணறுகளின் காமா லாகும் சேர்த்து அனுப்பு, நானும் உட்கார்ந்து பார்க்கிறேன். கோபித்துக்கொண்டு பதில் போடாமல் இருந்தால் கோமதி அக்காவிடம் உன் நம்பரைக் கொடுத்துவிடுவேன். பங்குனித் திருவிழாவுக்கு வருவதாகச் சொன்னாயே, டிக்கெட் போட்டாயா?

அன்புடன்,
செல்வி