எடைச்சீட்டைப் பார்க்கவே இல்லை

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

கோயம்பேட்டிலிருந்து தாம்பரத்துக்குக் காய்கறி ஓட்டுகிறேன். பிக்அப் வாங்கி 14 மாதம். பின்பக்க ஸ்பிரிங் பட்டை 2 முறை உடைந்துவிட்டது. போன வாரம் விடிகாலை, மதுரவாயல் பைபாசில், தக்காளிப் பெட்டிகளோடு வண்டி ஒரு பக்கம் சாய்ந்து நின்றது. பட்டை அடுக்கில் மேலே இருக்கும் மெயின் பட்டை, அடுக்கை நடுவில் பிணைக்கும் சென்டர் போல்ட் துளையில் இரண்டாகப் போயிருந்தது. பட்டைகளை அச்சோடு இறுக்கிப் பிடிக்கும் யு-போல்ட் தளர்ந்தாலும் அங்கேதான் உடையுமாம். சரி, அதை முறுக்க வேண்டியது சர்வீஸ்காரர்கள்தானே? அவர்களோ 'ஓவர்லோடு' என்று எழுதி வாரண்டியை மறுத்தார்கள். எடைமேடைச் சீட்டை நீட்டினேன், தொடக்கூட இல்லை. அதே ஷெட்டில் அதே மாடல் இன்னும் மூன்று, அதே கோளாறோடு!

மோட்டார் வாகனச் சட்டத்தின் 110ஏ பிரிவு, குறையுள்ள வண்டிகளைத் திரும்பப் பெற உத்தரவிடும் அதிகாரத்தை மத்திய அரசுக்குத் தருகிறது. என்னைப் போன்றவர்கள் உடைந்த பட்டையைப் பழைய இரும்புக்குப் போட்டுவிடாமல் சாட்சியாக வைத்துக்கொண்டு, 1915 நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதியுங்கள்.

ஒரு பிக்அப் உரிமையாளர்,
நெற்குன்றம், சென்னை