நாடகத்தை விட்டுவிட்டுச் சிவத்தம்பியா?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

ஞாயிறு இணைப்பில் இலங்கைத் தமிழறிஞர் பேராசிரியர் கார்த்திகேசு சிவத்தம்பி பற்றி வந்த கட்டுரையைப் படித்தேன். 1932இல் யாழ்ப்பாணத்துக் கரவெட்டியில் பிறந்தது, சக விமர்சகர் கைலாசபதியோடு சேர்ந்து வளர்த்த மார்க்சிய விமர்சனம், தமிழ்ச் சிறுகதை பற்றிய நூல், யாழ்ப்பாணப் பல்கலைக்கழகம், 2011இல் மறைவு, எல்லாம் சரி. ஆனால் நாடகத்துக்கு ஒரே ஒரு வரிதானா? அவர் முனைவர் பட்டம் வாங்கியதே நாடக ஆய்வுக்குத்தானே சார்!

இங்கிலாந்தின் பர்மிங்காம் பல்கலைக்கழகத்தில் ஜார்ஜ் தாம்சனிடம் படித்தார். கிரேக்க நாடகம் சடங்கிலிருந்து எப்படிக் கிளைத்தது, அதற்குப் பின்னால் என்ன சமூக மாற்றம் இருந்தது என்று ஆராய்ந்தவர் தாம்சன். அந்தக் கண்ணோடு சிவத்தம்பி நம் சங்கப் பாடல்களுக்குள் போய் வெறியாட்டு, துணங்கை, குரவை ஆகிய ஆட்டங்களையும் பாணர், கூத்தர், விறலியர் ஆகிய கலைஞர்களையும் எடுத்துக்கொண்டு, இவர்கள் யாருக்காக ஆடினார்கள், யார் சோறு போட்டார்கள், அரசு வளர வளர இவர்கள் பிழைப்பு என்ன ஆனது என்று துருவிப் பார்த்தார். 'அந்தக் காலத்திலேயே நம்மிடம் எல்லாம் இருந்தது' என்ற மேடைப் பேச்சு அதில் கிடையாது, எனக்கு அவரைப் பிடித்ததே அதனால்தான். நடை கரடுமுரடு, அது வேறு விஷயம். அந்த ஆய்வை ஆங்கில நூலாக 1981இல் வெளியிட்டது நம் சென்னையின் என்.சி.பி.எச். (நியூ செஞ்சுரி புக் ஹவுஸ்) பதிப்பகம்.

வெறும் ஏட்டு ஆராய்ச்சியும் இல்லை. வானொலி நாடகத்தில் நடித்தவர். மட்டக்களப்புக் கூத்தைப் பேராசிரியர் வித்தியானந்தன் இலங்கையின் பேராதனைப் பல்கலைக்கழக மேடைக்குக் கொண்டுவந்தபோது கூட நின்றவர்.

அப்புறம் தமிழ் சினிமாவையும் அரசியலையும் பற்றி அதே 1981இல் ஒரு சின்ன நூல். தமிழர்கள் எல்லாரும் ஒரே கூரையின் கீழ் உட்கார்ந்து பார்த்த முதல் இடம் சினிமா கொட்டகை, அங்கே யாருக்கு எந்த இடம் என்பதைப் பிறந்த அந்தஸ்து தீர்மானிக்கவில்லை, டிக்கெட் காசு தீர்மானித்தது என்கிறார். வடசென்னைக்காரனுக்கு இது பாடம் நடத்தித் தெரிய வேண்டியதில்லை. 1931இல் முதல் தமிழ்ப் பேசும்படமான காளிதாஸ் ஓடியது ஜார்ஜ் டவுன் கினிமா சென்ட்ரல் கொட்டகையில், வால்டாக்ஸ் சாலை ஒற்றைவாடை அரங்கில் நாடகம் நடந்தது, தண்டையார்பேட்டை அகஸ்தியா தியேட்டர் 2020இல் மூடப்பட்டபோது இந்தப் பக்கமே துக்கம் விசாரித்தது. ஆனாலும் தரை டிக்கெட்டில் யார் உட்கார்ந்தார்கள், மேலே நாற்காலியில் யார் உட்கார்ந்தார்கள் என்று பார்த்தால் சாதி முழுசாக வாசலிலேயே நின்றுவிட்டதாக எனக்குத் தோன்றவில்லை. காசு யாரிடம் இருந்தது என்ற கேள்வி வருகிறதே! இதை வைத்து அவரோடு தாராளமாக வாதாடலாம், அப்படி வாதாட ஒரு பக்கம் ஒதுக்கியிருந்தால் கட்டுரை எவ்வளவோ சுவையாக இருந்திருக்கும்.

வியாசர்பாடி, கொருக்குப்பேட்டைப் பக்கம் கூத்துக் கட்டுகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அடுத்த முறை சிவத்தம்பி பற்றிப் போடும்போது இலக்கியப் பேராசிரியர்களை மட்டும் கேட்காமல், ஒரு கூத்து வாத்தியாரையும் கூப்பிட்டுக் கேளுங்கள். செய்தியாளரை அனுப்புவதாக இருந்தால் ஆடி மாதத்தில் அனுப்புங்கள், மற்ற மாதங்களில் அவர்களில் பல பேர் கிடைத்த வேலைக்குப் போய்விடுவார்கள்.

இப்படிக்கு,
கொருக்குப்பேட்டை வாசகர் ஒருவர்