லாலாவும் டாவோ டாக்சிக்காரரும்

ஆசிரியருக்கு வணக்கம்.

சென்ற இதழில் வந்த, அனிமே எனப்படும் ஜப்பானிய அசைவூட்ட அறிவியல் புனைவுப் படங்கள் பற்றிய கட்டுரையை விரும்பிப் படித்தேன். 1984இல் நௌசிகா, 1995இல் 'கோஸ்ட் இன் த ஷெல்' படத்தின் மோட்டோகோ குசநாகி, 2006இல் 'பாப்ரிகா'வின் விஞ்ஞானி சிபா என்று பெண்கள் கதையைத் தாங்கி நிற்பதைக் கட்டுரையாளர் எடுத்துச் சொன்னது சரிதான். ஆனால் பன்முகத்தன்மை பற்றிய பேச்சை அதோடு முடித்துக்கொண்டாரே என்று வருத்தமாக இருந்தது. ஜப்பானியரோ வெள்ளையரோ அல்லாதவர்கள் இந்தப் படங்களில் என்ன ஆகிறார்கள் என்று ஒரு வரிகூட இல்லை.

ராட்சத இயந்திரங்களை ஓட்டிப் போரிடுபவர்களின் கதையான 'மொபைல் சூட் கண்டாம்' வரிசையில் 1982இல் வெளிவந்த மூன்றாம் படத்தின் லாலா சூனை எடுத்துக்கொள்ளுங்கள். மாநிறம், நெற்றியில் பொட்டு. பார்த்தவுடன் நம் நாட்டுப் பெண் என்றே தோன்றும். மழைக்கு ஒதுங்கும் கதாநாயகன் அமுரோ அவளை ஏரிக்கரை வீட்டில் சந்திக்கிறான். அவளோ தண்ணீரில் விழுந்து சாகும் பறவையைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள். பிறர் மனதை உணரும் ஆற்றலில் அவளுக்கு நிகரானவர்கள் அந்தப் படத்தில் அரிது. தன்னைக் காப்பாற்றியவருக்காகப் போரிடுவதாகச் சொல்கிறாள். எந்த ஊர், எதிலிருந்து காப்பாற்றினார்கள் என்பதைப் படம் நின்று சொல்வதில்லை. கடைசியில், அவளைக் காப்பாற்றியவனும் அமுரோவின் எதிரியுமான ஷாரைக் குறிவைத்த அமுரோவின் தாக்குதலுக்குக் குறுக்கே வந்து உயிரை விடுகிறாள். 1988இல் வந்த 'ஷாரின் எதிர்த்தாக்குதல்' படத்திலும் அந்த இருவரும் அவளை வைத்துத்தான் சண்டை போடுகிறார்கள். எனக்குத் தாயாக இருந்திருக்கக்கூடியவள் என்கிறான் ஷார். அவளுக்கு என்ன வேண்டியிருந்தது என்று இருவருமே கேட்பதில்லை. எனக்கு மிகப் பிடித்த பாத்திரம் அவள். அதனால்தான் இது உறுத்துகிறது.

அதே கண்டாம் வரிசையில் 2021இல் வந்த 'ஹாதவே' படத்தின் பெரும்பகுதி பிலிப்பைன்ஸின் டாவோ நகரில் நடக்கிறது. இரவுச் சண்டையில் ராட்சத இயந்திரங்களின் காலடியில் மக்கள் சிதறி ஓடுவதையும், தீப்பொறி தெறித்து விழுவதையும் தரையில் நின்று பார்ப்பது போலவே காட்டியிருக்கிறார்கள். அதைவிட எனக்கு முக்கியம், உள்ளூர் டாக்சிக்காரர் ஒருவர் பேசும் இடம். பூமியைக் காக்க மனிதர் அனைவரும் விண்வெளிக்குப் போக வேண்டும் என்னும் புரட்சிக்காரனைப் பற்றிப் பேச்சு வருகிறது. அந்த ஆளுக்கு நேரம் நிறைய இருக்கிறது போல, பிழைக்கிறவர்களுக்கு அவ்வளவு தூரம் யோசிக்க ஏது நேரம் என்கிறார். பின்சீட்டில் கேட்டுக்கொண்டிருக்கும் ஹாதவேதான் அந்தப் புரட்சிக்காரன். அப்புறம் படம் டாக்சிக்காரரை விட்டு நகர்ந்துவிடுகிறது. அவருக்குப் பெயர்கூட இல்லை.

ஜப்பானியப் படத்தில் ஜப்பானியக் கண்ணோட்டம்தானே இருக்கும் என்று சிலர் கேட்கலாம். ஆனால் இவை பூமி முழுவதன் எதிர்காலத்தைச் சொல்வதாக வரும் படங்கள். டாவோவின் தெருக்கள் வேண்டும் என்றால் டாவோ மக்களும் வேண்டும்தானே? முடியாத காரியமுமல்ல. 2001இல் வந்த 'கௌபாய் பிபாப்' படத்துக்காக இயக்குநர் வதனாபே மொராக்கோவுக்கே போய்வந்தார். செவ்வாய்க் கிரகத்தில் அவர் அமைத்த மொராக்கோத் தெருவில் வரும் ரஷீத் வெறும் பின்னணி ஆள் அல்ல, கதையின் முடிச்சே அவரிடம்தான் இருக்கிறது.

2017இல் 'கோஸ்ட் இன் த ஷெல்' ஹாலிவுட் படத்தில் மோட்டோகோவின் பாத்திரத்தில் வெள்ளைக்கார நடிகை ஸ்கார்லெட் ஜொஹான்சனை நடிக்கவைத்தபோது எழுந்த கோபம் நியாயமானது. அதே கேள்வியை ஜப்பானிய மூலப்படங்களிடமும் நாம் கேட்க வேண்டும். கட்டுரையின் அடுத்த பகுதியில் லாலாவைப் பற்றியும் டாவோவைப் பற்றியும் எழுதும்படி கட்டுரையாளரைக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
திருநெல்வேலி