எங்கள் பிள்ளைக்காக விழித்திருந்தவர்களுக்கு

எல்லோருக்கும் ஸ்தோத்திரம். போன ஞாயிறு பாப்பாவுக்கு ஞானஸ்நானம் நல்லபடியாக முடிந்தது. அன்றைக்கே நாலு வார்த்தை நன்றி சொல்லத்தான் எழுந்தேன், தொண்டை அடைத்துவிட்டது, அதனால் எழுதுகிறேன்.

முதலில் அந்த ஆட்டோ அண்ணனுக்கு. 2024 நவம்பர் 30 ராத்திரி பெஞ்சல் புயல் புதுச்சேரிப் பக்கம் கரை கடந்து, அடுத்த இரண்டு நாளில் சாத்தனூர் அணைத் தண்ணீர் தென்பெண்ணையில் பொங்கிக் கடலூருக்குள் வந்த அதே வாரத்தில்தான் எனக்கு 30 வாரத்திலேயே வலி எடுத்தது. கூப்பிட்டவர்கள் வரமாட்டோம் என்றார்கள், இல்லாவிட்டால் மூன்று மடங்கு கேட்டார்கள். இவர் எங்கெங்கோ சுற்றி எங்களைப் புதுச்சேரி ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டு வழக்கமான வாடகைதான் வாங்கினார். என் வீட்டுக்காரர் கூடக் கொடுத்ததற்கு, "வேணாம் சார், தெய்வபயம்னு ஒண்ணு இருக்குல்ல" என்றார். நெற்றி நிறைய விபூதி வைத்த மனிதர். அந்த வார்த்தை அப்போது என் காதில் சரியாக ஏறவில்லை.

பாப்பா 1 கிலோ 210 கிராம். 38 நாள் இன்குபேட்டர் பக்கத்திலேயே கிடந்தேன். அரியாங்குப்பம் பெரியம்மா, தினமும் பஸ் ஏறி நீங்கள் கொண்டுவந்த பூண்டுக் குழம்பும் சுறாப்புட்டும்தான் எனக்குப் பால் ஊற வைத்தது.

ஐந்தாம் நாள் ஜெபிக்க வந்த ஒருவர், "வீட்டில் மறைவான பாவம் ஏதோ இருக்கிறது, ஆராய்ந்து அறிக்கை செய்யுங்கள்" என்று சொல்லிவிட்டுப் போனார். அன்றிலிருந்து அந்த மானிட்டர் எனக்குக் கணக்குப் புத்தகமாகிவிட்டது. ஆக்சிஜன் 94லிருந்து 85க்கு இறங்கும்போதெல்லாம் இது மாமியாரை எதிர்த்துப் பேசியதற்கு, இது காணிக்கையை எடுத்து வேறு செலவு செய்ததற்கு என்று ஒவ்வொன்றாகத் தேடிக்கொண்டிருந்தேன். கடவுள் பயம் என்றால் அதுதான் என்று நினைத்தேன்.

போதகர் ஐயா வந்தபோது கேட்டேன், அன்பிலே பயமில்லை என்று யோவான் எழுதுகிறார், கர்த்தருக்குப் பயப்படுதலே ஞானத்தின் ஆரம்பம் என்று நீதிமொழிகள் சொல்கிறது, நான் எதைப் பிடித்துக்கொள்வது? ஐயா பிரசங்கம் பண்ணவில்லை. யோவானின் அந்த நிருபத்தைப் பற்றிப் பேசும்போது ஆதிகாலத்துச் சபைப் போதகரான அகஸ்டின், கல்யாணமான இரண்டு பெண்களை உதாரணம் காட்டுவாராம். இரண்டு பேருமே பயப்படுகிறார்கள், துரோகம் செய்கிற ஒருத்திக்குப் புருஷன் வந்துவிடுவானோ என்ற பயம், உண்மையாயிருக்கிற மற்றவளுக்குத் தன் புருஷன் தன்னை விட்டுப் போய்விடுவானோ என்ற பயம். "உனக்கு இப்ப எந்தப் பயம்மா?" என்று கேட்டார். அப்புறம் 130ஆம் சங்கீதத்தை வாசித்தார்: "உமக்குப் பயப்படும்படிக்கு உம்மிடத்தில் மன்னிப்பு உண்டு." தண்டனை உண்டு என்று அங்கே எழுதவில்லை, மன்னிப்பு உண்டு, அதனால் பயம். எத்தனை தடவை படித்த வசனம்! ஐயா, அன்று ராத்திரி நான் தூங்கினேன்.

இப்போது நைட் டியூட்டி சிஸ்டருக்கு. குறைமாதப் பிள்ளைகள் மூச்சு விடவே மறந்துபோகும், பாதத்தில் விரலால் லேசாகத் தட்டினால் திரும்ப இழுத்துக்கொள்ளும். விடியற்காலை மூன்று மணிக்கு அலாரம் ஒன்று அடிப்பதற்குள் நீங்கள் வந்து தட்டியிருக்கிறீர்கள். ஆனால் நான் பார்த்துப் பார்த்து அழுதது வேறொன்றுக்கு. ஒவ்வொரு பிள்ளையையும் தொடுவதற்கு முன் முழங்கை வரை சோப்புப் போட்டு, விரல் இடுக்கு, நகக்கண் எல்லாம் தேய்த்துக் கழுவுவீர்கள், அம்மாக்கள் எல்லாரும் தூங்கும்போதும் ஒரு தடவைகூட விட்டதில்லை. கை வெடித்துப்போயிருந்தது. யாருக்கும் தெரியாதே சிஸ்டர் என்றதற்கு, "இதுங்களுக்குச் சொல்லத் தெரியாதுல்ல" என்றீர்கள்.

லேவியராகமம் 19இல் ஒரு கட்டளை இருக்கிறது, செவிடனைத் திட்டாதே, குருடன் வழியில் தடுக்கலை வைக்காதே, உன் தேவனுக்குப் பயந்திரு என்று. செவிடனுக்குத் திட்டியது கேட்காது, குருடனுக்கு யார் வைத்தது என்று தெரியாது. அந்த இடத்தில்தான் தேவபயம் என்ற பேச்சே வருகிறது. எகிப்தில் பார்வோன் ஆண்பிள்ளைகளைக் கொல்லச் சொன்னபோது மறுத்த மருத்துவச்சிகள் சிப்பிராளும் பூவாளும் தேவனுக்குப் பயந்தவர்கள் என்றுதான் யாத்திராகமம் சொல்கிறது, ராஜாவுக்குப் பயப்படாமல் இருக்க அந்தப் பயம்தான் அவர்களுக்குத் தைரியம் கொடுத்தது. ஓய்வுநாள் பள்ளியில் லுத்தர் கேள்வி பதிலாக எழுதிய விசுவாசப் பாடமான ஞானோபதேசத்தை, "தேவனுக்குப் பயந்து அவரில் அன்புகூர" என்று பத்துக் கட்டளைக்கும் ராகம் போட்டு ஒப்பித்தவள் நான். பயமும் அன்பும் ஒரே மூச்சில் வருவது எப்படி என்று உங்கள் கையைப் பார்த்துத்தான் புரிந்தது.

பாப்பா பிழைத்தாள் என்பதற்காக மட்டும் இதை எழுதவில்லை. பக்கத்துப் படுக்கைக்காரரின் மகன் 11ஆம் நாள் போய்விட்டான். அந்த அம்மா என்னைவிட அதிகமாக ஜெபித்தவர். அவரிடம் யாரும் போய்ப் பாவக்கணக்குக் கேட்காதீர்கள், தயவுசெய்து. தங்கச்சி, உன் மகன் பெயரையும் அன்றைக்கு ஆலயத்தில் சொல்லி ஜெபித்தோம்.

சிஸ்டர், டியூட்டி இருந்ததால் உங்களால் வர முடியவில்லை. உங்கள் பங்கு கேக்கை எடுத்து வைத்திருக்கிறேன். செவ்வாய்க்கிழமை பாப்பாவைப் பரிசோதனைக்குக் கொண்டுவரும்போது தருகிறேன், கைக்குத் தேங்காய் எண்ணெயும் கொண்டுவருகிறேன். அவள் இப்போது 4 கிலோ 300.