"நர்சிங் மாதிரிதான் ஆன்ட்டி"

ஆசிரியர் ஐயாவுக்கு வணக்கம்.

போன ஞாயித்துக்கிழமை நம்ம பேப்பர்ல, எஸ்.பி.எம். (அஞ்சாம் படிவப் பரீட்சை) முடிச்ச பிள்ளைங்க படிக்க வேண்டியதுன்னு பைனான்ஸ், புரோஜெக்ட் மேனேஜ்மெண்ட், நர்சிங், சைபர் செக்யூரிட்டின்னு நாலு கோர்ஸ போட்டு ஒரு முழுப் பக்கம் வந்துச்சு. ஷிப்ட் முடிஞ்சு பினாங்குத் தீவுல இருக்கற பாயான் லெப்பாஸ்லேர்ந்து ஃபேக்டரி பஸ்ல வரும்போது பாலத்துல ஜாம், அதனால ஒரு வரி விடாம படிச்சேன். சம்பளம் எவ்ளோன்னு போட்டிருக்கு, படம் கூட நல்லா இருக்கு, ஆனா படிச்சு முடிச்ச பிள்ளை அந்த வேலைய செய்யலாம்னு யார் சொல்லணும், அதுக்கு வேற என்ன வேணும்னு மட்டும் எங்கயும் இல்ல. எங்க வீட்ல அது தெரியாம 500 வெள்ளி (ரிங்கிட்) போச்சு, அதான் எழுதுறேன்.

2019 மார்ச்ல மூத்தவளுக்கு ரிசல்ட் வந்துச்சு. நாலு பாடத்துல கிரெடிட், அதாவது பாஸுக்கு மேல, கணக்குல வெறும் பாஸ். சின்னதுலேர்ந்து மிஸ்ஸி, அதாவது நர்ஸ், ஆகணும்னு ஒத்தக் கால்ல நிப்பா. தீவுப் பக்கம் ஒரு பெரிய ஹால்ல கல்விக் கண்காட்சின்னு போனோம், உள்ள நுழைஞ்சதுமே கைல பை, பேனா, பலூன் எல்லாம் குடுத்துட்டாங்க, கல்யாண வீடு தோத்துச்சு. டை கட்டின தம்பி ஒருத்தர் ரிசல்ட் சிலிப்ப வாங்கி ரெண்டு செகண்ட் பாத்துட்டு, "ப்ராப்ளம் இல்ல ஆன்ட்டி, ஹெல்த்கேர் டிப்ளோமால போடலாம், நர்சிங் மாதிரிதான், இன்னிக்கே புக்கிங் கட்டினா லேப்டாப் ஃப்ரீ"ன்னாரு. அந்த 'மாதிரி'க்குத்தான் நான் 500 வெள்ளி கட்டினேன்.

ராத்திரி எதிர்வீட்டு அக்கா வந்தாங்க, ஜென்ரல் ஆஸ்பத்திரியில மிஸ்ஸியா இருந்து பென்ஷன் வாங்கினவங்க. கண்ணாடிய மாட்டிக்கிட்டு சிலிப்ப அடுப்படி லைட்டுக்கு நேரா புடிச்சு விரல் வச்சு எண்ணினாங்க. "பாஹாசா மலாயு இருக்கு, சயின்ஸ் இருக்கு, கணக்கு எங்கடி?"ன்னு மகளைக் கேட்டாங்க. அப்புறம் கண்காட்சில குடுத்த பளபளா புத்தகத்த முன்னும் பின்னும் புரட்டிட்டு, "இதுல லெம்பாகா ஜுருராவாட் பேரே இல்லையே, இத படிச்சா இவ மிஸ்ஸியா சேர முடியாதும்மா"ன்னாங்க. எனக்கு லெம்பாகான்னு ஒரு நர்சிங் போர்டு இருக்கறதே அன்னிக்குத்தான் தெரியும். கோர்ஸோட தரத்த பாக்கற எம்.கியூ.ஏ. அங்கீகாரம் மட்டும் இருந்தா பத்தாது, நர்சிங் கோர்ஸுன்னா லெம்பாகாவும் ஒத்துக்கணும், மூணு வருஷம் படிச்ச பிறகு லெம்பாகா பரீட்சை பாஸ் பண்ணி பேரு பதியணும், அதுக்கப்புறமும் வருஷா வருஷம் சர்டிபிகேட்ட புதுப்பிக்கணும். இவ்ளோ இருக்கு! அப்போ 5 கிரெடிட் கேட்டாங்க, அதுல கணக்கு கண்டிப்பா வேணும். விதிய அப்பப்போ மாத்துவாங்க, அதனால பிள்ளை சேர்ற வருஷத்து விதிய லெம்பாகாகிட்டயே கேட்டுக்கறது நல்லது, டை கட்டினவங்ககிட்ட இல்ல.

காச திருப்பிக் கேட்டேன், 'போலிசி' இல்லன்னுட்டாங்க. போகட்டும். மக அந்த வருஷக் கடைசியில கணக்க மட்டும் தனியா திருப்பி எழுதினா, 2020 மார்ச்ல கிரெடிட்டோட வந்தா, வந்த கையோட கொரோனாவுக்கு எம்.சி.ஓ. ஊரடங்கு போட்டுட்டாங்க. எல்லாம் தள்ளித் தள்ளிப் போயி ஒரு வழியா சேந்து முடிச்சு இப்ப தீவுல ஒரு ஆஸ்பத்திரில வார்டுல நிக்கிறா. பினாங்குல சில தனியார் ஆஸ்பத்திரிங்களே சொந்தமா நர்சிங் காலேஜ் நடத்துறாங்க, ஃபீஸுக்கு உதவி பண்ணிட்டு இத்தனை வருஷம் இங்கயே வேலை செய்யணும்னு பாண்ட் எழுதி வாங்குவாங்க, கையெழுத்துக்கு முன்னாடி அத ஒருக்கா வீட்டுக்கு எடுத்துட்டு வந்து படிக்கணும்.

என் தங்கச்சி மகன் கதை வேற. புரோஜெக்ட் மேனேஜ்மெண்ட் டிகிரி முடிச்சா கையோட பி.எம்.பி.ங்கற புரோஜெக்ட் மேனேஜர் சர்டிபிகேட் கெடைக்கும்னு எவனோ சொன்னத நம்பி சேந்துட்டான். முடிச்ச பிறகு பாத்தா டிகிரிக்காரனுக்கே 36 மாசம் புரோஜெக்ட் நடத்தின அனுபவம் இருந்தாத்தான் அந்த பரீட்சைக்கு உக்காரவே விடுவாங்களாம். அனுபவம் இல்லாதவங்களுக்குன்னு சி.ஏ.பி.எம்.னு சின்னது ஒண்ணு இருக்கு, அத எழுதிட்டு இப்ப கட்டுமான கம்பெனில கிட்டத்தட்ட கிராணி (கிளார்க்) வேலைதான் பாக்குறான், ஆனா சைட்டுக்கு கூட்டிட்டுப் போறாங்களாம், அது நல்லதுதான். படிச்சு முடிச்சு 12 மாசத்துல பி.டி.பி.டி.என்.ங்கற அரசாங்கப் படிப்புக் கடன் கட்ட ஆரம்பிக்கணும், அது மட்டும் கரெக்டா வந்துடுச்சு.

பைனான்ஸ் பத்தி எனக்கு ரொம்ப தெரியாது, ஒண்ணு மட்டும் சொல்றேன், பைனான்ஸ் வேற, அக்கவுண்டிங் வேற. நம்ம நாட்ல அக்கவுண்டன்ட்னு போட்டுக்கணும்னா 1967 சட்டப்படி எம்.ஐ.ஏ.ங்கற கணக்காளர் அமைப்புல மெம்பரா இருக்கணும். ரெண்டையும் ஒண்ணுன்னு நெனச்சு சேந்த பிள்ளைங்க எங்க தாமான்லயே (குடியிருப்புலயே) இருக்கு.

இப்ப சின்னவன் சைபர் செக்யூரிட்டின்னு குதிக்கிறான். சினிமால வர்ற மாதிரி இருட்டு ரூம்ல கறுப்பு சட்டை போட்டு ஹேக் பண்ணலாம்னு நெனப்பு. அந்த வேலை பாக்கற பையன் ஒருத்தன விசாரிச்சோம், மூணு ஷிப்ட்டு, ராத்திரியெல்லாம் ஸ்கிரீன்ல வர்ற அலர்ட்ட ஒவ்வொண்ணா பாத்து பொய்யா நெசமான்னு பிரிக்கணுமாம், கேக்கறப்ப எங்க ஃபேக்டரில தரம் பாக்கற கியூசி லைன் மாதிரியேதான் இருந்துச்சு. முதல்ல நெட்வொர்க், லினக்ஸ் நல்லா தெரியணும், அப்புறம்தான் மத்ததுன்னு சொன்னான். 2024 ஆகஸ்ட்லேர்ந்து சைபர் செக்யூரிட்டி சட்டம் அமுலுக்கு வந்துருச்சு, கண்காணிப்பு, ஊடுருவி டெஸ்ட் பண்றது, இந்த ரெண்டு சர்வீஸையும் வெளிய விக்கிற கம்பெனிக்கு லைசென்ஸ் வேணும். வேலை இருக்கு, இல்லன்னு சொல்லல. ஆனா உங்க பக்கத்துல பாலிடெக்னிக்னு ஒரு வார்த்தை கூட இல்லையே ஐயா? தீவுல பாலிக் பூலாவ் பாலிடெக்னிக்ல ஐ.டி. டிப்ளோமா இருக்கு, அரசாங்க பாலிடெக்னிக்ல செமஸ்டருக்கு 200 வெள்ளிதான் ஃபீஸு. விளம்பரம் குடுக்க மாட்டாங்கங்கறதுக்காக விட்டுட முடியுமா?

அடுத்த வாட்டி இந்த மாதிரி பக்கம் போட்டா சம்பளத்துக்குப் பக்கத்துலயே எந்த போர்டு ஒத்துக்கணும், எத்தனை வருஷ அனுபவம் வேணும், எந்த பரீட்சை தனியா காசு கட்டி எழுதணும்னும் ஒரு கட்டம் போட்டுடுங்க. வர்ற சனிக்கிழமை மறுபடி ஒரு கண்காட்சி, சின்னவனோட போறேன். எதிர்வீட்டு அக்காவும் வர்றேன்னுட்டாங்க. அவங்களுக்கு முட்டி வலி, ரொம்ப நேரம் நிக்க முடியாது, ஆனா கேள்வி கேக்க ஆரம்பிச்சா சீக்கிரம் எந்திரிக்க மாட்டாங்க. நாற்காலி போட்டு வைக்கச் சொல்லுங்க.

இப்படிக்கு,
ஒரு அம்மா,
பிறை, பினாங்கு.